வாசகர் கேள்வி-பதில்: எந்த இட்டேரி என்று எழுதுங்கள்

எங்கள் பகுதியில் நாற்பது தோட்டத்து வீடுகள் சேர்ந்து பாதுகாப்புக்காக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். தொடக்கத்தில் உதவியாக இருந்தது. இப்போது இரவெல்லாம் "சந்தேகத்துக்குரிய ஆட்கள்", "உஷார்" என்ற செய்திகளும், எங்கோ எடுத்த காணொளிகளும் வந்தபடி இருக்கின்றன. என் மாமியார் சரியாகத் தூங்கிப் பல வாரங்கள் ஆகின்றன. குழுவிலிருந்து விலகிவிடலாமா?
– வாசகி ஒருவர், காங்கேயம்

விலக வேண்டாம். ஊருக்குள் ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் எதிர்வீட்டு விளக்கு எரியும். நம் தோட்டத்து வீடுகளுக்கோ அடுத்த வீடு இரண்டு வெள்ளாமைக் காடு தாண்டி இருக்கிறது, இடையில் கிளுவை வேலியும், வேலிகளுக்கு நடுவே ஓடும் மண்பாதையான இட்டேரியும்தான். நாற்பது வீடுகளை ஒரே நொடியில் எழுப்பும் வசதி நமக்கு இதற்கு முன் இருந்ததில்லை. 2024 நவம்பரில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவரும், 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தனியாக வசித்துவந்த முதிய தம்பதியும் தோட்டத்து வீடுகளில் கொல்லப்பட்ட பிறகு, உங்கள் மாமியாரின் அச்சத்தை வீண் பயம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த அச்சத்துக்குத் தீனி போடும் செய்தி வேறு, அதைத் தணிக்கும் செய்தி வேறு.

எங்கள் பகுதிக் குழுவில் ஒரு கோடை இரவில், பதினொன்றே முக்கால் மணிக்கு, "இட்டேரியில் வேன் நிற்கிறது, நாலைந்து பேர், உஷார்" என்று ஒரு செய்தி வந்தது. எந்த இட்டேரி என்று எழுதவில்லை. பத்து நிமிடத்துக்குள் அந்த ஆட்களின் கையில் கத்தி இருப்பதாக வேறொருவர் எழுதினார். கால் மணி நேரத்தில் தடியும் டார்ச்சுமாக இருபது பேர் கிளம்பிவிட்டார்கள். நானும் போனேன். கறிக்கோழிப் பண்ணையில் கோழி ஏற்ற வந்த வண்டி, மணலில் சக்கரம் புதைந்து நின்றுகொண்டிருந்தது. பகல் வெயில் கோழிக்கு ஆகாது என்பதால் இரவில்தான் பிடித்து ஏற்றுவார்கள் என்பது அங்கே கூடிய அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். சட்டையெல்லாம் இறகு ஒட்டிய ஒரு பையன் இருபது டார்ச் வெளிச்சத்துக்கு நடுவில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. எந்த இட்டேரி என்ற ஒரு சொல் முதல் செய்தியில் இருந்திருந்தால், பண்ணைக்காரருக்கு ஒரு போன் போட்டதோடு அந்த இரவு முடிந்திருக்கும்.

ஆகவே, தன் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே எழுத வேண்டும் என்பதைக் குழுவில் முதலில் உறுதிசெய்யுங்கள். "இரவு 9.20, மேற்குத் தோட்டத்துக் கிணற்று மேடு, மோட்டார் ஒயர் அறுக்கும் சத்தம், இரண்டு பேர், ஒரு பைக், 112க்குச் சொல்லியாகிவிட்டது" என்று வரும் செய்தியில் நேரம், இடம், செயல் மூன்றும் இருக்கின்றன, காவல்துறைக்குத் தகவல் போய்விட்டது என்பதும் தெரிகிறது. தோட்டத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியாது என்றால் அருகிலுள்ள மின்கம்பத்தின் எண்ணை எழுதலாம். குழுவில் போடுவதற்கு முன்பே 112ஐ அழைத்துவிட வேண்டும். குழுவில் போட்டுவிட்டோமே என்ற திருப்தியில் யாருமே காவல்துறையை அழைக்காமல் இருந்துவிடுவது பல குழுக்களில் நடக்கிறது. ரோந்தில் இருக்கும் காவலருக்கு உங்கள் குழுவில் என்ன ஓடுகிறது என்பது தெரியாது. தமிழகக் காவல்துறை 2022இல் வெளியிட்ட 'காவல் உதவி' செயலியில் அவசரப் பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடமும் சேர்ந்து கட்டுப்பாட்டு அறைக்குப் போகும்.

இன்னொன்றையும் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எழுப்பிய எச்சரிக்கையை முடித்துவைக்க வேண்டும். "பார்த்தாயிற்று, கோழி வண்டிதான், எல்லோரும் தூங்கலாம்" என்று எழுதுவது, முதல் செய்தியைப் போட்டவரின் கடமையாகவே இருக்கட்டும். உங்கள் மாமியாரின் தூக்கத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் என்ன ஆயிற்று என்றே தெரியாமல் பாதியில் நின்றுபோன செய்திகளாகத்தான் இருக்கும்.

"பலமுறை பகிரப்பட்டது" என்ற குறியோடு வரும் காணொளிகளை நிர்வாகி பார்த்தவுடன் நீக்கிவிடலாம். 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்காக வந்த ஒரு முதிய பெண்மணியைக் குழந்தை கடத்த வந்தவர் என்று நம்பி ஊரார் அடித்தே கொன்றார்கள். இத்தகைய வதந்திகள் அப்போது கைபேசி வழியாகத்தான் பரவிக்கொண்டிருந்தன. நாடெங்கும் இப்படி நடந்த கொலைகளுக்குப் பிறகுதான் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் பகிர முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

நம் தோட்டங்களுக்கு அலாரத்தைவிட அன்றாடக் குறி ஒன்று அதிகம் தேவைப்படுகிறது. மாடு இருந்த காலத்தில், காலையில் பால் ஊற்ற சொசைட்டிக்கு வராத வீட்டைப் பற்றி அங்கேயே யாராவது விசாரித்துவிடுவார்கள். வயதான காலத்தில் மாட்டை விற்றுவிட்டவர்களுக்கு அந்தக் குறியும் போய்விடுகிறது. சிவகிரிக் கொலை சில நாட்கள் கழித்தே வெளியே தெரிந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குள் தனியாக இருக்கும் பெரியவர்கள் குழுவில் ஒரு வணக்கம் போட வேண்டும். எட்டு மணி வரை வராவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். யார் வீட்டை யார் பார்ப்பது என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் தட்டச்சு செய்ய வராதவர்கள் குரல் பதிவாக அனுப்பினாலும் போதும்.

ஆடு திருட வந்தவனைப் பட்டியிலேயே பிடித்துவிட்டால் என்ன செய்வது? கட்டி வைக்கலாமா?
– வாசகர் ஒருவர், வெள்ளகோவில்

உங்கள் கண்முன்னே பிணையில் விட முடியாத, காவல்துறை நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தைச் செய்பவரைப் பிடித்து வைக்கப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடுவதைத் தவிர, திருட்டு பொதுவாக அவ்வகையில் அடங்கும். ஆனால் தாமதிக்காமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், அவரைக் காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும். அடிக்கும் உரிமையைச் சட்டம் யாருக்கும் கொடுக்கவில்லை. அவர் முகத்தைப் படம் பிடித்துக் குழுவில் பரப்பவும் வேண்டாம்.

எங்கள் வீதியில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள் நிறையப் பேர் தங்கியிருக்கிறார்கள். புதிய முகம் எதைக் கண்டாலும் படம் எடுத்துக் குழுவில் போடுகிறார்கள். இது சரியா?
– வாசகர் ஒருவர், திருப்பூர்

சரியில்லை. இரவு வேலை முடித்து அறைக்குத் திரும்பும் ஒருவர் வேறு மொழி பேசுகிறார் என்பது எச்சரிக்கைக்குரிய செயல் ஆகாது. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில், அக்கம்பக்கத்தாருக்கான 'நெக்ஸ்ட்டோர்' செயலியில், கறுப்பின மக்கள் வெறுமனே தெருவில் நடந்து போனதையே சந்தேகத்துக்குரியது என்று பலர் எழுதிவந்தார்கள். கடும் எதிர்ப்பு எழுந்த பிறகு, 2016இல் அந்த நிறுவனம் செய்திப் படிவத்தையே மாற்றியது: அந்த மனிதர் என்ன செய்தார் என்பதை எழுத வேண்டும்; இனத்தைக் குறிப்பிட்டால் உடை போன்ற பிற அடையாளங்களையும் சொல்ல வேண்டும். உங்கள் குழுவுக்கும் அதே அளவுகோல் பொருந்தும். பூட்டிய வீட்டின் கதவை ஒருவர் நெம்புவதைப் பார்த்தால், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அதை எழுதுங்கள்.

2023 மார்ச் மாதத்தில், தமிழகத்தில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, திருப்பூரில் தொழிலாளர்கள் அஞ்சி ஊருக்குக் கிளம்பினார்கள். பீகார் அரசின் குழுவே நேரில் வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. நம் கைபேசிக்கு வரும் வதந்தியைப் போலவே அவர்கள் கைபேசிக்கும் வதந்தி வருகிறது. வீதியில் தங்கியிருப்பவர்களில் தமிழ் பேசத் தெரிந்த இரண்டு பேரை, அவர்களின் சம்மதத்தோடு, உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீதியில் யார் புதியவர், யார் பக்கத்து அறைக்காரர் என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கைபேசியும் சம்பளப் பணமும் பறிபோவது அவர்களுக்கும்தான்.