'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வருமா?

இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள பெருவெள்ளத்துக்குத்தான் அந்தப் பெயர். ஒரு பையில் நூறு புளியங்கொட்டை. ஒன்றில் மட்டும் சுண்ணாம்புப் பொட்டு. வருடத்துக்கு ஒருமுறை கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடுகிறோம். பொட்டு வைத்ததே அடுத்தடுத்த வருடமும் கையில் வரலாம். 30 ஆண்டில் ஒருமுறையாவது அது வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். 30 ஆண்டு என்பது ஒரு வீட்டுக்கடன் கட்டி முடிக்கும் காலம்தான்!

சரி, பருவநிலை மாறினால்? காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். பொட்டு வைத்த கொட்டைகள் கூடிவிடுகின்றன. பழைய மழைக்கணக்கை நம்பிக் கட்டிய பாலம், வடிகால்களுக்கு ஆய்வாளர்கள் மறுபடி கணக்குப் போடுவது இதனால்தான்.

செட்டிநாட்டுப் பக்கம் கண்மாய் (ஏரி) நிறைந்தால் மிச்ச நீர், அது வழிந்தோடக் கட்டிய கலுங்கைத் தாண்டி, வரத்துக்கால் என்ற வாய்க்கால் வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். அந்த வரத்துக்காலில் மனை போட்டு விற்றால் நீர் தெருவுக்குத்தான் வரும். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது வரத்துக்கால் அடைபடாமல் இருக்கிறதா என்பதைத்தான்.

"வறண்ட பூமி, இங்கே ஏது வெள்ளம்?" என்பார்கள். பல மாதம் காய்ந்து கிடப்பதும் ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்ப்பதும் ஒரே ஊரில் நடக்கக்கூடியவைதான்.