மார்க்ஸின் ‘அந்நியமாதல்’ கருத்தை வைத்து இன்றைய உணவு டெலிவரி வேலையை ஆய்வு செய்ய முடியுமா?

முடியும். அந்நியமாதல் என்பது உழைப்பவருக்கும் அவருடைய உழைப்புக்கும் நடுவே விழும் பிரிவு. கார்ல் மார்க்ஸ் 1844-இல் எழுதிய குறிப்புகளில் (அச்சானது 1932-இல்தான்) இதை நான்காகப் பார்த்தார்: செய்த பொருள், செய்யும் வேலை, சக மனிதர்கள், மனிதருக்கே உரிய படைப்பாற்றல் ஆகியவற்றிலிருந்து விலகிப்போவது.

காரணம், எதை, எப்படிச் செய்வது என்பதை உழைப்பவர் முடிவு செய்வதில்லை. கருவிகளை வைத்திருப்பவர் முடிவு செய்கிறார். வீட்டில் ரசம் வைப்பவருக்குப் புளியும் உப்பும் தன் கை அளவு. கல்யாண மண்டபத்தில் காலையிலிருந்து வெங்காயம் மட்டும் நறுக்குபவருக்குப் பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்றுகூடத் தெரியாது.

சரி, டெலிவரிக்கு வருவோம். பைக்கும் பெட்ரோலும் ஊழியருடையவை. கருவி அவரிடம்தானே இருக்கிறது? இல்லை, இங்கே முக்கியமான கருவி நிறுவனத்தின் செயலி. ஆர்டரை ஒதுக்குவதும் கட்டணத்தைக் கணக்கிடுவதும் அதுதான். கோட்பாட்டை இப்படி இன்றைக்குப் பொருத்திப் பார்ப்பதுதான் ஆய்வின் உயிர் என்பேன். அப்புறம் களத்தில் கேளுங்கள்: ஆர்டரை மறுத்தால் என்ன ஆகிறது? இன்றைய தொகை எப்படி வந்தது என்று தெரியுமா? உணவகத்து வாசலில் காத்திருக்கும்போது மற்ற ஊழியர்களோடு பேசுகிறீர்களா? அவர்கள் வாட்ஸ்அப் குழு வைத்து ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டால், அது மூன்றாவது அம்சத்துக்கு, அதாவது சக மனிதர்களிடமிருந்து விலகிப்போவதற்கு, எதிரான சான்று. மறைக்காமல் எழுதுங்கள்.

அந்நியமாதலை மனச்சோர்வு என்று பலர் நினைக்கிறார்கள். மார்க்ஸ் சொன்னது வேலை அமைந்திருக்கும் விதத்தை, ஆகவே சிரித்த முகத்தோடு வேலை செய்பவரும் அதற்குள் இருக்கலாம்.