மறு: ஆப்பிள் தோட்டத்துக்கு ஆலங்கட்டி வலையா, பீரங்கியா?

சிம்லா மாவட்டத்தில் குத்தகைக்கு எடுக்கும் தோட்டத்துக்கு வலை வேண்டுமா, பீரங்கி போதுமா என்று கேட்டிருந்தீர்கள். வலைதான். வானத்தை நோக்கி வெடிக்கும் பீரங்கியின் அதிர்வலை ஆலங்கட்டியைத் தடுக்கும் என்பதற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று உலக வானிலை அமைப்பே சொல்லியிருக்கிறது.

முன்பணம் கொடுக்கும் முன் பழைய கிளைகளின் மேல்புறத்தைத் தடவிப் பாருங்கள். ஆலங்கட்டி அடித்த தழும்புகள் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மாவட்டக் கணக்கைவிட இது நம்பகமானது, ஏனென்றால் ஆலங்கட்டி குறுகிய பட்டையாகத்தான் விழும். அடுத்த சரிவு தப்பியிருக்கும்.

அங்கே ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் அதிக ஆபத்து. ஆனாலும் பூ உதிர்ந்தபின் வலை விரியுங்கள். முன்பே மூடினால் தேனீ வரத்து குறைந்து காய்ப்பிடிப்பு கெடும். அறுவடை முடிந்ததும் சுருட்டிவிடுங்கள். விட்டால் பனிச்சுமையில் கம்பமும் கிளையும் சேர்ந்து முறியும்.

வலையையும் மீறி அடி விழுந்தால் 24 மணி நேரத்துக்குள் 200 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து தெளியுங்கள், காயம் வழியே பூஞ்சை ஏறுவது குறையும்.