வாங்கும் முன்: பாலைவனத்தில் மாடு ஓட்டப் போகிறவர்களுக்கு

போன மாதம் பேர்ட்ஸ்வில் தடத்தில் குதிரையேறி மாடு ஓட்டியதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அப்படிப் பணம் கட்டிச் சுற்றுலா போக நினைப்பவர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. தெரியாதவர்களுக்கு: குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில்லில் தொடங்கித் தெற்கு ஆஸ்திரேலியாவின் மரீ வரை, 500 கிலோமீட்டருக்கு மேல் போகும் மண்பாதை அது. லாரிகள் வருவதற்கு முன், மந்தைகள் நடந்தே ரயிலுக்குப் போன வழி.

நானும் மனைவியும் குதிரை ஏறியதே இல்லை. "அனுபவம் தேவையில்லை" என்கிறது விளம்பரம். ஐந்து நாள் பயணத்துக்குப் பணம் கட்டலாமா? (மெல்பர்ன்)

மாடு மேய்ந்துகொண்டே போகும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் அதிகம். அதனால் வேகத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். மணிக்கணக்கில் சேணத்தில் உட்கார்ந்திருப்பதுதான் பாடு. பக்கத்தில் இருக்கும் குதிரைப் பள்ளியில் எட்டு வகுப்பு எடுங்கள். அதில் ஒன்றாவது தொடர்ந்து இரண்டு மணி நேரம் இருக்கட்டும். மறுநாள் காலை இருவரும் மாடிப்படி இறங்க முடிந்தால் பணம் கட்டுங்கள்.

படிவத்தில் எடை 92 கிலோ என்று போட்டுவிட்டேன். உண்மையில் 108. அங்கே போய் எடை பார்ப்பார்களா? (பெர்த்)

பார்ப்பார்கள். பார்க்காவிட்டாலும் குதிரைக்குத் தெரியும். இன்றே போன் செய்து உண்மையைச் சொல்லுங்கள்.

ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம். அழகான படங்கள், "கடைசி இரண்டு இடம்". முன்பணம் 1,400 டாலர் வங்கியில் போட்டேன். இப்போது பக்கமே இல்லை. வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். (அடிலெய்டு)

திட்டுகிறவர்களை இதையும் படிக்கச் சொல்லுங்கள்: ஏமாற்றியவன் குற்றவாளி, நீங்கள் இல்லை. 2002-இல் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதிகளுக்காக 'அவுட்பேக் ஆண்டு' கொண்டாடியபோது இந்தத் தடத்தில் பெரிய மந்தையை ஓட்டிப் போனார்கள். அந்த மாதிரிப் படங்கள் இணையத்தில் ஏராளம். எடுத்து ஒட்ட எவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் வேலை, உங்கள் வங்கியைக் கூப்பிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கச் சொல்வது. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அப்புறம் ரிப்போர்ட்சைபர், ஸ்கேம்வாட்ச் என்கிற இரண்டு அரசுப் புகார் தளங்களிலும் பதியுங்கள். வங்கி அலட்சியம் காட்டினால் அங்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்கள் பதில் சரியில்லை என்றால் ஆஃப்கா என்கிற நிதிப் புகார் அமைப்புக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. மற்றவர்கள் பணம் கட்டுமுன் நிறுவனத்தின் ஏ.பி.என். என்கிற வணிகப் பதிவு எண்ணை வாங்கி அரசுத் தளத்தில் தேடிப் பாருங்கள். முடிந்தவரை கிரெடிட் கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கி மூலம் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கும்.

ஸ்லீப்பிங் பேக் மேல் "மைனஸ் 10" என்று போட்டிருக்கிறது, பாதி விலை. பாலைவனத்துக்கு இதுவே அதிகம்தானே? (சிட்னி)

எந்த மைனஸ் 10? இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.எஸ்.ஓ. 23537 என்கிற சர்வதேசத் தர முறையில் சோதித்த ஸ்லீப்பிங் பேக்குக்கு முக்கியமான மூன்று எண்கள் இருக்கும். 'கம்ஃபர்ட்' என்பது சராசரிப் பெண் ஒருவர் கைகால் தளர்த்திப் படுத்து நடுங்காமல் தூங்கக்கூடிய குளிர். 'லிமிட்' என்பது சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் குளிர். 'எக்ஸ்ட்ரீம்' என்பது ஆறு மணி நேரம் உயிரோடு இருக்கலாம் என்ற கணக்கு. தூக்கத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பையின் மேல் கொட்டை எழுத்தில் போடுவதற்குச் சிலர் எந்த எண்ணை எடுப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் வாங்கியதும் மைனஸ் 10 தான், அதுவும் தள்ளுபடியில். மரீ பக்கம் ஜூலை இரவு சில நாள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கும். இரண்டு மணிக்குப் பல் கிட்டிக்கொண்டது. எழுந்து போய் அணைந்துகொண்டிருந்த தணலருகே, குதிரை வியர்வை நாறும் சேணத் துணியைப் போர்த்திக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தேன். பொழுது போகாமல் டார்ச் அடித்துப் பையின் உள் லேபிளைப் படித்தேன். கடுகு எழுத்தில் 'கம்ஃபர்ட் 6'. சரி, வாங்குவதற்கு முன்பே படித்திருக்கலாம். நீங்களாவது கடையிலேயே உள்ளே புரட்டிப் பாருங்கள். கம்ஃபர்ட் எண் பூஜ்யம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் வாங்குங்கள். எண்ணே இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

மலை ஏறும் ஷூ இருக்கிறது. குதிரைக்கும் அதையே போட்டுக்கொள்ளலாமா? (பிரிஸ்பன்)

கூடாது. பட்டை பட்டையான அடிப்பாகம் கால் வைக்கும் அங்கவடியில் மாட்டிக்கொள்ளும். விழுந்தால் குதிரை உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். வழவழப்பான அடி, சின்னக் குதிகால், இரண்டும் வேண்டும்.

"எங்கள் மேல் வழக்குப் போட மாட்டேன்" என்று பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் வருகிறார். (மெல்பர்ன்)

பொழுதுபோக்குச் சேவைகளில், காயம், சாவு வரை பொறுப்பை விலக்கிக்கொள்ள ஆஸ்திரேலியச் சட்டம் இடம் கொடுக்கிறது. தெரிந்தே அசட்டையாக நடந்து வந்த விபத்துக்கு அது செல்லாது. சொன்ன வசதியைத் தராமல் போனால் கேட்கும் உரிமையும் அந்தக் கையெழுத்தால் போய்விடாது. எனக்குக் கவலை உங்கள் அப்பாவைப் பற்றித்தான். இந்தியாவிலிருந்து வருகிறவருக்கு மெடிகேர் என்கிற அரசு மருத்துவ வசதி கிடையாது. அவருடைய பயணக் காப்பீட்டில் குதிரை சவாரி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்றால் நம்பாதீர்கள்.

மழை பெய்து பாதையை மூடினால் பணம் திரும்பக் கிடைக்குமா? (அடிலெய்டு)

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஒரு நல்ல மழைக்கே அந்த மண்பாதையை மூடிவிடுவார்கள், இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "தேதி மாற்றித் தருவோம்" என்று மட்டும் இருந்தால் "பணமாகத் தருவீர்களா?" என்று கட்டுமுன் கேளுங்கள். கட்டிய பிறகு என்னைக் கேட்டு என்ன பயன்?

மொபைல் சிக்னல்? (சிட்னி)

மறந்துவிடுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (மெல்பர்ன்)

பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லுங்கள். தணலில் சுடும் டாம்பர் ரொட்டி மாவும் தண்ணீரும்தான், சிலர் வெண்ணெயோ பாலோ சேர்ப்பார்கள். நான் கொண்டுபோன பருப்புப் பொடி இரண்டாம் நாளே தீர்ந்துபோனது. பாதியைத் தின்றது சமையல்காரர்.