டெவர்ஸ் ட்ரேட்: ரெட் சாக்ஸ் ரசிகர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள்?
பேஸ்பாலில் ட்ரேட் என்றால் ஆளை மட்டுமல்ல, அவருடைய ஒப்பந்தத்தையும் சேர்த்து வேறு அணிக்குக் கைமாற்றுவது. லோன் பாக்கியோடு வண்டியைக் கொடுக்கிற மாதிரி, மீதித் தவணை வாங்கியவர் தலையில். 2025 ஜூனில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி தன் நட்சத்திர வீரர் ரஃபேல் டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு அனுப்பியபோது அப்படி 25 கோடி டாலருக்கு மேல் சம்பள பாக்கி இருந்தது, அதோடு ஃபீல்டிங்கில் முதல் பேஸ் இடத்துக்கு மாறச் சொன்னதில் நிர்வாகத்தோடு உரசல் வேறு. சரி, அது கணக்கு. ரசிகர்களுக்கு வலித்தது நேரம்தான்: அன்றைக்குத்தான் பரம எதிரியான யாங்கீஸ் அணிக்கு எதிராக ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார், தொடரின் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தாயிற்று, சாயங்காலம் பார்த்தால் ஆளைக் காணோம்! 2020இல் இன்னொரு நட்சத்திரம் மூக்கி பெட்ஸ் இதே மாதிரி ட்ரேடில் போன காயமே ஆறவில்லை, பாவம். அப்புறம், ட்ரேட் ஆனால் சம்பளம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒப்பந்தத் தொகை அப்படியேதான் இருக்கும், கொடுக்கிற கைதான் மாறும்.