ஒரே இதழ், ஆறு அட்டைகள்: எதை வாங்குவது?

கேள்வி: எனக்குப் பிடித்த சூப்பர்ஹீரோ காமிக்ஸ் தொடர் மீண்டும் முதல் இதழிலிருந்து தொடங்கப்போகிறது. ஆறு விதமான அட்டைகளாம். ஆறையும் முன்பதிவு செய்து வைத்தால் பின்னாளில் நல்ல விலை போகும் என்கிறார் கடைக்காரர். '1:25' என்று குறித்த அட்டைக்கு மட்டும் பல மடங்கு விலை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: படிக்கத்தான் என்றால் பிடித்த அட்டையில் ஒன்று போதும். ஆறுக்குள்ளும் ஒரே கதைதான்.

'1:25' என்பதைப் பார்த்து மிரள வேண்டாம். சாதாரண அட்டையில் 25 பிரதிகள் எடுக்கும் கடைக்கு இந்த அட்டையில் ஒன்று கிடைக்கும், அவ்வளவுதான். மொத்தம் எத்தனை அச்சாகிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. கூடுதல் விலையும் கடைக்காரர் வைப்பதுதான். விற்காமல் தேங்கும் பிரதிகளின் நஷ்டத்தையும் சேர்த்து அதன் தலையில் கட்டிவிடுவார். பரபரப்பு அடங்கியதும் இந்த விலை சரிவதும் உண்டு.

பின்னாளில் விலை ஏறும் என்பது பழைய பல்லவி. 1991இல் 'எக்ஸ்-மென்' முதல் இதழ் ஐந்து அட்டைகளில் வந்து 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. ஐந்தையும் வாங்கி உறையில் போட்டுப் பூட்டி வைத்தவர்கள் ஏராளம். சாதாரணப் பிரதி இன்றும் மலிவாகவே கிடைக்கிறது. 1938இல் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2021இல் 32.5 லட்சம் டாலருக்கு விற்றதே என்பீர்கள். அன்று பத்து சென்ட் கொடுத்து வாங்கிய பிள்ளைகள் அதைப் படித்துக் கிழித்துத் தூக்கி எறிந்தார்கள், மிஞ்சியவை சொற்பம். எல்லோரும் பொத்திப் பாதுகாக்கும் பொருளுக்கு எங்கிருந்து கிராக்கி வரும்?

முன்பதிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. காமிக்ஸுக்கென்றே உள்ள கடைகள் பெரும்பாலும் விற்காததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் அளந்துதான் தருவிப்பார்கள். அந்த எண்ணிக்கையை இறுதி செய்யும் நாள் வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே வந்துவிடும். அது எந்த நாள் என்று கேட்டு, அதற்குள் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முழுப் பணத்தையும் இப்போதே கட்டச் சொல்கிறார்களே?

பதில்: முன்பணம் மட்டும் கொடுத்துப் பாருங்கள். வெளியீடு தள்ளிப்போவது இந்தத் தொழிலில் சகஜம். அப்படியானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும், எந்த இதழ், எந்த அட்டை என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். வாங்கும் அன்று மூலை மடங்கியிருக்கிறதா, பின் அடித்த முதுகில் வெள்ளைக் கீறல் விழுந்திருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.