மஞ்சள் நோட்டீஸும் மாப்பிள்ளையும்

கேள்வி: மகன் சி.ஏ. முடித்துவிட்டு எட்டு வருடமாகச் சென்னையில் நல்ல கம்பெனியில் இருக்கிறான். இப்போது அதை விட்டுவிட்டு, நொடித்துப்போன கம்பெனிகளைத் தூக்கி நிறுத்தும் வேலைக்குப் போகிறேன் என்கிறான். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவர்களோடு குடித்தனம் நடத்துவது ஒரு பிழைப்பா? பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பெண் வீட்டில் என்ன சொல்வது?
— ஒரு தந்தை, தேவகோட்டை

பதில்: இந்தக் கேள்வி தேவகோட்டையிலிருந்தா வரவேண்டும்? கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, பர்மா போன உங்கள் ஊர்க்காரர்களை 1930-களில் நெல் விலைச் சரிவு எப்படி உலுக்கியது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்களே. கடன் வாங்கிய விவசாயி பணத்துக்குப் பதில் வயலை எழுதிக் கொடுக்க, கீழ் பர்மா நெல் நிலத்தில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு வைத்திருந்த நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், 1937-ல் 25 பங்குக்குச் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். கேட்க ஜோராக இருக்கும், ஆனால் பணம் கேட்டவனுக்கு வயலைக் கொடுத்தால் அது வராக்கடன்தான். வாய்தா கொடுப்பதா, தள்ளிக் கொடுத்து முடிப்பதா, நிலத்தை எடுப்பதா என்று பேரேட்டை விரித்துவைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்ட மேலாட்கள், அதாவது அங்கே கடையை நடத்தியவர்கள், செய்ததும் கிட்டத்தட்ட உங்கள் மகன் கேட்கிற வேலைதான், கோட்டு மட்டும் இல்லை.

நகரத்தார் ஆதரவோடு 1907-ல் தொடங்கிய இந்தியன் வங்கி 1995-96-ல் 1,336 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? 2000-ல் தலைவராக வந்த ரஞ்சனா குமார் செலவைப் பிடித்தார், ஆட்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார், கடன் வசூலில் இறங்கினார், 2001-02-ல் வங்கி லாபம் காட்டியது. அரசு முதல் போட்டது என்பதும் உண்மை. அது இல்லாமல் நடந்திருக்காது.

இந்த வேலையின் லட்சணத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தெரிந்தவர் ஒருவருடைய நூற்பாலை தள்ளாடியபோது வந்த ஆள், முதலாளி நீட்டிய ஐந்தொகையை, அதாவது பாலன்ஸ் ஷீட்டை, தொடவே இல்லை. வரும் பதின்மூன்று வாரத்தில் எந்த வாரம் எவ்வளவு ரொக்கம் உள்ளே வரும், எவ்வளவு வெளியே போகும் என்று ஒரே தாளில் எழுதச் சொன்னார். நாலாவது வாரத்தில் சம்பளத்துக்குப் பணம் இல்லை. அப்புறம் ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொன்னார், விற்று மூன்று வருடமான இயந்திரத்துக்கு உதிரிப்பாகங்கள் இரண்டு அலமாரி நிறைய, எண்ணெய்த் தாள்கூடப் பிரிக்காமல் இருந்தன. முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. அவருக்கு அதுவரை யாரும் உண்மையைச் சொன்னதில்லை, சம்பளம் வாங்குகிறவன் எப்படிச் சொல்வான்? வெளியாள்தான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து திட்டும் வாங்க வேண்டும்.

வழக்குவரை போய்விட்டால் வேறு கதை. 2016 திவால் சட்டப்படி மனுவைத் தீர்ப்பாயம் ஏற்றதும் இயக்குநர் குழுவின் அதிகாரம் நின்று, நிர்வாகம் தீர்வு அலுவலர் கைக்கு வருகிறது. கம்பெனிக்கு ஒரு முடிவு காண 180 நாள், கேட்டால் இன்னொரு 90 நாள். தீர்வுத் திட்டம் நிறைவேற, கடன் கொடுத்தவர்களின் வாக்கில் 66 சதவீதமாவது வேண்டும். தீர்வு அலுவலர் நாற்காலியில் உட்கார சி.ஏ.வுக்குச் சாதாரண வழியில் 10 வருட அனுபவமும் தனித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும், மகனுக்கு இரண்டு வருடம் பாக்கி. அதுவரை ஒரு சீரமைப்பு நிறுவனத்தில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்து கற்கட்டும். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், அந்த வழியில் போன கம்பெனிகளில் தீர்வுத் திட்டம் நிறைவேறி மீண்டதைவிடக் கலைக்கப்பட்டவை அதிகம், தோற்றுப் பழகாதவனுக்கு இது ஒத்துவராது.

பெண் வீட்டில் கணக்குப் பார்க்கிற வேலை என்று சொல்லுங்கள், பொய்யில்லை. பின்னாளில் அந்த நாற்காலிக்கு வந்தபிறகு முகூர்த்தம் குறிப்பதானால் மட்டும், கையிலிருக்கும் கம்பெனிக்கு அது எத்தனையாவது நாள் என்று அவனைக் கேட்டுக்கொண்டு குறியுங்கள். நூற்றைம்பதைத் தாண்டியிருந்தால் மாப்பிள்ளை அழைப்புக்கே ஆள் வராது.